மாப்பிள்ளை இல்லாத பந்தல்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி, கியா பார்ம் சந்தையில் ஒரு கடையில் ஸ்ட்ராபெரி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு வந்தது. சனிக்கிழமை. கீழேயிருந்து மலையேறி வந்த கார்கள் நகர இடமில்லாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. முதலாளியம்மாவிடம் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடையின் பின்பக்கம் போனேன். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நில அளவைத் துறையில் பட்டப்படிப்பு, நான்கு வருடம், தெற்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகம். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து ஒரு குத்து விடலாம் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போயும் போயும் நில அளவையை ஏன் கேட்டாய் என்று பிறகு பலர் விசாரித்தார்கள். எங்கள் குடும்பம் மலேசியாவின் கேமரன் மலைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இந்த மலையில் எங்களுக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அப்பாவும் அம்மாவும் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வாசலில் அம்மா படரவிட்டிருந்த சௌசௌ கொடிகூடச் சட்டப்படி தோட்டத்துடையதுதான் என்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று சொல்லும் வேலையில் எங்கள் ஆள் ஒருத்தி இருக்கட்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது.

வீம்புக்குக் கட்டணம் உண்டு. பதிவு நாளன்று கட்ட வேண்டிய பணம், விடுதிக் கட்டணம், முன்பணம், மடிக்கணினி, அதற்குமேல் நான் சாப்பிடவும் வேண்டும். அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்கும்தான். ஆனால் அது நான் படிப்பில் சேர்ந்து, விண்ணப்பம் ஊர்ந்து ஊர்ந்து போய், சில மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். சேருவதற்கே பணம் வேண்டும். பதிவு நாளில் கட்டணம் கட்டாதவர்களின் இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும் என்று கடிதத்தில் மலாய் மொழியில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்தார். அம்மாவுக்கு மலையில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டும் வேலை. அன்று மாலை இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் ஒவ்வொரு வழியாகத் திறந்து பார்த்து மூடினார்கள். அப்பாவின் சேமநிதியில் எடுக்க முடிந்ததெல்லாம் மலையடிவாரத்தில் தாப்பாவில் வாங்கிய ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணமாகப் போய்விட்டது. வேலை ஓய்ந்த மறுநாள் தெருவில் நிற்க முடியாதே. அம்மாவின் நகைகள் அதே வீட்டுக்காக அடகுக் கடையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அப்பாவின் மோட்டார் சைக்கிளை விற்கலாம் என்றால், வாங்கிக்கொள்கிறவருக்கு நாங்கள்தான் கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும். நான் ஸ்ட்ராபெரி விற்றுச் சேர்த்தது மடிக்கணினிக்குச் சரியாக இருந்தது, அதுவும் யாரோ பாவித்த பழைய மடிக்கணினிக்கு.

"ஒரு வருசம் தள்ளிப் போட்டுக்கலாமான்னு கேட்டுப் பாரேன்," என்றார் அப்பா.

"அடுத்த வருசம் மட்டும் காசு எங்கேர்ந்து வரும்பா?"

"நீ ஒரு வருசம் வேலைக்குப் போனா வரும்."

"வேலைக்குப் போனவ யாராச்சும் திரும்பிப் படிக்க வந்து பாத்திருக்கீங்களா?"

 அப்பாவுக்கும் தெரியும். எங்கள் லயத்தில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன பெண்களில் ஒருத்தி பிரிஞ்சாங் டவுன் ஹோட்டலில் இன்னும் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் கல்யாணமாகிப் போயிருந்தார்கள்.

இதற்குள் செய்தி பெரியம்மாவுக்குப் போய்விட்டது. பெரியம்மா அம்மாவின் அக்கா, தாப்பாவில் இருந்தார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைமை நீதிபதி. குரல் பதிவிலேயே தீர்ப்பு வந்தது. "பொம்பளப் புள்ள வெயில்ல குச்சி நட்டு நெலம் அளக்கப் போறாளாம். சிங்கப்பூருக்கு அனுப்பு லா. பேக்டரியில ரெண்டு வருசம் இருந்தா கல்யாணக் காசு அவளே சேத்துருவா." கல்யாணம் என்கிற சொல் இல்லாமல் பெரியம்மாவின் குரல் பதிவு எதுவும் முடிந்ததில்லை.

அந்த வாரம் கட்சியின் கிளைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான். பிரிஞ்சாங்கில் கைப்பேசிக் கடை வைத்து ஆளாகிவிட்டார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லோரும் ஒய்பி என்றுதான் சொல்வார்கள். அந்த ஒய்பியிடம் பேசி எனக்குக் கல்வி உதவி ஏற்பாடு செய்துவிட்டதாகக் கிளைத் தலைவர் சொன்னதும் அப்பா எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் ஒரு சின்ன நிகழ்ச்சி. ஒய்பி வருவார், காசோலை கொடுப்பார், பத்திரிகையில் படம் வரும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பெட்டியிலிருந்து மாம்பழ நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினார். அது கோயில் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் சேலை. நான் சுடிதார் போட்டிருந்தேன். அப்பா முகச் சவரம் செய்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது கிளைத் தலைவரின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து பெரிய பிரம்புக் கூடை ஒன்றை வெளியே எடுத்தார். முதுகில் சுமக்கும் அந்தக் காலத்துக் கொழுந்துக் கூடை.

எங்கள் தோட்டத்தில் அந்தக் கூடையை யாரும் சுமந்து பல காலமாகிறது. இப்போது கத்தரியும் அதோடு சேர்ந்த பெட்டியும்தான், சில மலைகளில் இரண்டு பேர் பிடிக்கிற மெசின். கூடை இருக்கிற ஒரே இடம், சுற்றுலாப் பயணிகள் தேநீர் குடிக்கிற கடை. அங்கே சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அதைத்தான் இவர் இரவல் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"அக்கா, சேல வேணாம். வேல செய்யிற உடுப்பு போட்டுக்குங்க. தலையில துண்டு கட்டிக்கிட்டு இத மாட்டிக்கிங்க. பேப்பர்ல நல்லா விழும்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்கூல் யூனிபார்ம் இருக்காமா? அத போட்டுட்டு அம்மா பக்கத்துல நில்லு. ரொம்ப சிரிக்காத."

எனக்கு அப்போது இருபது வயது. பள்ளிச் சீருடை என் இடுப்புக்கு மேல் ஏறாது. "யூனிபார்ம் தரை துடைக்கப் போயிருச்சு அங்கிள்," என்றேன். "காசோலையில எவ்ளோ குடுக்கறாங்க?"

அவர் ஒரு தொகையைச் சொன்னார். அது விடுதிக் கட்டணத்துக்கே போதாது. அதுவும் அன்றைக்கு மேடையில் கிடைப்பது கதவு அளவுக்கு ஓர் அட்டைதானாம். உண்மையான பணம் பின்னால் வருமாம். பின்னால் என்றால் எப்போது என்று கேட்டேன். ஆபீஸில் ஏற்பாடு நடக்கிறது என்றார். பதிவு நாளுக்குள் வருமா என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, பிள்ளை நிறையக் கேள்வி கேட்கிறதே என்பதுபோலச் சிரித்தார்.

 அம்மா கூடையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைக் கறையே படாத புதுக் கூடை அது.

"ஒய்பி வரட்டும் தம்பி, எனக்குச் சந்தோசம்," என்றார் அம்மா. "நான் இந்தச் சேலையிலதான் வந்து நிப்பேன். கூடய வேணும்னா நீங்க மாட்டிக்கிங்க."

"ஏழன்னு காட்டுனாத்தான அக்கா குடுப்பாங்க."

"நாங்க ஏழன்னு யாரு சொன்னா? காசு பத்தல. அவ்ளதான்."

கிளைத் தலைவரின் முகம் கறுத்துவிட்டது. மண்டபத்தில் நாற்காலி போட்டாயிற்று, ஒய்பி கிளம்பிவிட்டார், இனிமேல் வேறு ஏழைக்கு எங்கே போவது என்று புலம்பினார். கடைசியில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் பெண்மணியின் முதுகில் கூடை இருந்தது, முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கார் போனதும் அப்பா கத்தினார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. "கோவத்த வச்சி பீஸ் கட்ட முடியுமா? ஒரு நாளு, ஒரு போட்டோ. நின்னுட்டுப் போனா என்னா? எல்லாரும் நிக்கலியா? இப்ப என்னா பண்ணப் போறீங்க ரெண்டு பேரும்?" அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களிடம் பணம் இல்லை, நாள் போய்க்கொண்டிருந்தது, கிடைக்க இருந்த கொஞ்சத்தையும் வாசலோடு அனுப்பிவிட்டோம்.  ஆனாலும் அந்தக் கூடையை நினைக்கும்போதெல்லாம் திரும்ப வந்தாலும் திரும்பத் துரத்துவேன் என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

 மூன்றாம் நாள் அம்மா வேலை முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டார்.

"நம்ம வீட்டுல இதுவரைக்கும் ஒரு விசேசம் வச்சிருக்கமா?" என்று கேட்டார்.

வைத்ததில்லை. நான் ஒரே பிள்ளை. நான் வயசுக்கு வந்தபோது சடங்கு வைக்க அம்மா ஆசைப்பட்டார். ஊரைக் கூட்டி இதையெல்லாம் அறிவிக்க வேண்டாம் என்று நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மூன்று பேர் வந்து தட்டியும் திறக்கவில்லை. சரி, எல்லாவற்றையும் சேர்த்துக் கல்யாணத்தில் செய்துகொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டார். ஆனால் மற்றவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. ரிங்லெட்டில் கல்யாணம், கோலா தெர்லாவில் காதுகுத்து, தாப்பாவில் வீடு குடிபுகுதல் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பட்டுச் சேலை வேனில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் மொய். ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்; ஐம்பது வெள்ளி என்றால் ஐம்பத்தொன்று, நூறு என்றால் நூற்றொன்று. அந்த ஒரு வெள்ளி இல்லாமல் மொய் உறை ஒட்டப்படாது. கையில் காசில்லாத மாதத்தில் அம்மா அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கியாவது உறையில் வைப்பார். மொய் வாங்கியவர்கள் எங்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். விசேஷமே இல்லாத வீட்டுக்கு யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். அதுதான் எங்கள் வழக்கம்.

"அவளுக்கு விசேசம் வைக்கப் போறேன்," என்றார் அம்மா. "படிக்கப் போறதுக்கு விசேசம். பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு, முறையாத் தட்டு வச்சி அழைக்கப் போறேன். நான் வச்ச மொய்ய எல்லாரும் வந்து திருப்பிச் செய்யட்டும்."

அப்பா அதிர்ந்துபோனார். "அன்னிக்கு ஒருத்தர்கிட்ட வாங்க மானம் போச்சுன்ன. இன்னிக்கு ஊர்கிட்டயே கையேந்தறேங்கற."

"அது அவங்க போடறது. இது நான் போட்டது," என்றார் அம்மா. "இருவது வருசம் மழையில கொழுந்து வெட்டுன காசு. என் காச நான் கேக்கறதுக்கு நான் ஏன் தல குனியணும்?"

"அப்ப கல்யாணத்துக்கு?"

அம்மா பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.  அந்தக் கேள்வியின் கனம் எங்கள் மூவருக்கும் தெரியும். ஒருமுறை திருப்பிச் செய்துவிட்டால் அவர்கள் கணக்கு தீர்ந்தது. அதன் பிறகு என் கல்யாணத்துக்கு என்று ஊரில் எதுவும் நிற்காது. அம்மாவோ என் கல்யாணத்தை மனதுக்குள் பலமுறை நடத்திப் பார்த்தவர். எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடை அலங்காரத்தைக் கிட்டப் போய் ஆராய்வார். ஜிகினாத் துணி வேண்டாம், உண்மைப் பூதான், கேமரனில் பூவுக்கா பஞ்சம் என்பார். நாதஸ்வரம் இரண்டு செட்டு. எனக்கு அரக்கு நிறச் சேலை. திரும்பி வரும் வேனில் எனக்குத் தூக்கம் வரும்வரை இதே பேச்சாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"கல்யாணத்த அவ பாத்துக்குவா," என்றார் அம்மா. "படிக்க வைக்கிறதுதான் நம்ம வேல."

நான் குறுக்கே விழுந்தேன். மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, எல்லோரும் வந்து சந்தனம் பூசுகிற கூத்துக்கு நான் வர மாட்டேன் என்றேன். பதின்மூன்று வயதில் தாழ்ப்பாள் போட்டவள் இருபது வயதில் திறந்துவிடுவாளா? அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன யாரு உக்காரச் சொன்னா? பந்தியில சாம்பார் ஊத்து," என்றார். அந்த ஏற்பாடு எனக்குச் சம்மதமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வழக்கமான வார்த்தைதான்: "எம் மகளுக்கு ஒரு நல்ல காரியம் வச்சிருக்கேன், குடும்பத்தோட வந்துருங்க." குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்ட பெண்கள் அதற்குமேல் எதையும் கேட்காமல் தலையாட்டினார்கள். அதோடு அம்மா படிப்பு என்று சேர்த்துச் சொன்னதைப் பாதிப் பேர் காதில் வாங்கவே இல்லை. தட்டைக் கண்டதும் அவர்களுக்கு மேளச் சத்தம் கேட்டுவிட்டது. மாலைக்குள் நான் யாரையோ காதலித்து அவசரக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று லயம் முழுக்கப் பேச்சு. பையன் கோலா தெர்லாவில் தக்காளி போடுகிறவன் என்று ஒரு வீட்டில் அடித்துச் சொன்னார்களாம். பெரியம்மா அம்மாவை நேராகவே போனில் கூப்பிட்டார்.

"யாருடி பையன்?"

"பையன் இல்லக்கா. படிப்பு."

"படிப்புக்கா பந்தல்? ஒனக்குப் பைத்தியமா? வெளிய சொல்லாத, சிரிக்கப் போறாங்க. நான் வரமாட்டேன்."

"ஊருக்கெல்லாம் தட்டு வச்சி அழைச்சிட்டேன் க்கா. வர்றதும் வராததும் ஒன் இஷ்டம்," என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார். பெரியம்மாவிடம் முதலில் போனை வைத்தவர் எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் கிடையாது.

பதாகைக்கு பிரிஞ்சாங் கடையில் சொல்லியிருந்தோம். அச்சடிக்கிறவரிடம் இருந்தவையெல்லாம் கல்யாண மாதிரிகள். இரண்டு இதயங்களில் ஒன்றில் என் படத்தை வைத்துவிட்டு, மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் அதில் பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்துக் கொடுத்துவிட்டார். அப்பா அதைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கட்டுங்கள் என்றேன்.

விசேஷ நாள் காலையிலேயே மழை. லயத்துக்கு முன்னால் போட்ட கூடாரத்தின் ஓரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அப்பா வழக்கமாகத் தேநீர் குடிக்கிற பிரிஞ்சாங் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை முதலாளி பெரிய அண்டாக்களையும் அரிசியையும் லோரியில் அனுப்பியிருந்தார். அரிசிக்குக் காசு கேட்கவில்லை. அதுதான் தன் மொய் என்று சொல்லிவிட்டாராம். சோறு வெந்தது, சாம்பார் ஆயிற்று, சௌசௌ கூட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயாசம் எல்லாம் தயார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. லயத்துப் பிள்ளைகள் மட்டும் வந்து பதாகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினார்கள். மொய் மேசையில் அப்பாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் பேனாவைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். அப்பா கூடாரத்துக்கு வெளியே மழையில் நின்று சாலையைப் பார்த்தார். அம்மா மாம்பழப் பட்டோடு வாசலில் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். எனக்கு அந்த நேரத்தில் பல்கலைக்கழகமும் வேண்டாம், நிலமும் வேண்டாம், அம்மாவை அப்படி நிற்க விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது.

முதலில் வந்தது கோலா தெர்லா காய்கறி லோரி. பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் பத்துப் பதினைந்து பேர், மடியில் குழந்தைகள். அவர்கள் வீட்டுக் காதுகுத்தில் அம்மா வைத்த மொய்யை அந்த வீட்டுக்காரம்மா வாசலிலேயே சத்தமாகச் சொல்லி, தான் அதைவிடக் கூடுதலாக வைத்திருப்பதையும் சொல்லிவிட்டுத்தான் சந்தனம் தொட்டார். பிறகு ரிங்லெட் வேன் வந்தது. பிறகு மேல் லயம், கீழ் லயம். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கு அம்மா பதாகையைக் கை காட்டினார். சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் எல்லோரும் மேசைக்குப் போனார்கள். நான் சாம்பார் வாளியோடு பந்திக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "இந்தப் படிப்ப படிச்சி எம் பட்டாவ வாங்கிக் குடுப்பியா?" என்று கேட்டார். அவரும் லயத்தில்தான் பிறந்தார். பட்டா எங்கே இருக்கிறது வாங்கிக் கொடுக்க? இன்னும் ஒரு கரண்டி சாம்பார்தான் ஊற்ற முடிந்தது.

கிளைத் தலைவரும் வந்தார். கைப்பேசியைத் தூக்கிப் பதாகையைப் படமெடுத்தார், அம்மாவை எடுத்தார், என்னை வாளியோடு எடுத்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். "மேச அந்தப் பக்கம் தம்பி. ஒங்க அண்ணன் மக சடங்கு சாப்பாட்டுக்கு நாங்க வந்தமே, ஞாபகம் இருக்குல்ல?" அவர் உறை கொண்டுவரவில்லை. மேசையில் ஒன்றை வாங்கி அங்கேயே வைத்து ஒட்டினார். சாப்பிட உட்கார்ந்தபோது நான் அவருக்குக் கொஞ்சமும் குறை வைக்காமல் பரிமாறினேன். பசியோடு வந்திருந்தார்.

பெரியம்மா கடைசிப் பந்திக்கு வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே திட்டிக்கொண்டு இறங்கினார். மழையைத் திட்டினார், மலைப் பாதையைத் திட்டினார், பதாகையைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். நேரே மேசைக்குப் போய் உறையை வைத்தார். "பாக்கி வச்சிக்கிட்டு சாகற ஆளு நான் இல்ல," என்று அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். அம்மா சந்தனத்தை நீட்டினார். கொஞ்ச நேரம் அது நீட்டியபடியே இருந்தது. பிறகு பெரியம்மா தொட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் உறைகளைப் பிரித்தோம். கட்டணம், விடுதி, முன்பணம், கடன் வரும்வரை என் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் போதும். பெரிதாக மிஞ்சவில்லை. அப்பா எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை எண்ணினார். பிறகு எழுந்து முகம் கழுவப் போய்ப் பின்கட்டில் ரொம்ப நேரம் நின்றார். அம்மா சேலையை மடித்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு நாதஸ்வரம் வச்சிப் பாக்கணும்னு இருந்தேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார், உடனே தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் அப்படி அழுததில்லை.  ஒரு பெண் படிக்கப் போவதற்கு அவளுடைய அம்மா எதையாவது விற்க வேண்டும் என்று யார் விதித்தது? நகை இருந்தால் நகை, நகை இல்லையென்றால் ஆசை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை.

தானா ராத்தா டவுன் வங்கியில் பணத்தை என் கணக்கில் போடப் போனபோது இயந்திரம் ஒரு வெள்ளி நோட்டுகளை எடுத்துக்கொள்ள மறுத்தது. முகப்பில் இருந்த பெண் அந்தக் கட்டைப் பார்த்து, கடை வசூலா என்று மலாயில் கேட்டாள். நோட்டுகளில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தன. என் படிப்பு என்று சொன்னேன். பதிவு நாளன்று கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அப்பா மண்டபத்துக்கு வெளியே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார், ஆலைக்கு அன்று லீவு போட்டிருந்தார்.

நான்கு வருடம் படித்து முடித்தேன். கடன் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. இன்றைக்கும் மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். முக்காலிக் கருவியைத் தோளில் சுமந்து ஜொகூரிலும் திரங்கானுவிலும் வெயிலில் அலைகிறேன். அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெற்று, லயத்து வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு அந்தச் சூடு இன்னும் பழகவில்லை.

போன வருடம் கல்யாணம் செய்துகொண்டேன். கோலாலம்பூரில் பதிவு அலுவலகம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவரும் என்னைப் போலக் கடன் கட்டுகிறவர்தான். இரண்டு வீட்டுப் பெற்றோரும் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பக்கத்துக் கடையில் எல்லோரும் தோசை சாப்பிட்டோம். அம்மா எனக்கு ஓர் அரக்கு நிறச் சேலை வாங்கி வந்திருந்தார். கட்டிக்கொண்டேன். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அடுத்த நாள் தாப்பா வீட்டில் இருந்தபோது பெரியம்மா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டார். சொந்த அக்காவுக்குக்கூடச் சொல்லாமல் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாயே என்று பெரியம்மா அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். ஒரு பந்தல் உண்டா, ஒரு மேளம் உண்டா, சொந்தக்காரர்களுக்கு ஒரு வாய்ச் சோறு உண்டா, ஊரில் நான் என்ன சொல்வேன் என்று கேட்டார். அம்மா கடைசி வரைக்கும் கேட்டார். வெங்காயத்தை நறுக்கி முடித்துக் கத்தியைக் கீழே வைத்தார்.

"சோறு போட்டாச்சு க்கா," என்றார். "எம் மக கல்யாணச் சோத்த நீ அன்னிக்கே சாப்புட்ட. பாயாசம் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்குன."